பொம்மைக்குச் சட்டை போட்ட பெண்

நீதிமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். எனக்கு ஓய்வு பெறும் வயதில்லை. மாறுதல் உத்தரவு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பது வருடம் இந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். எந்தப் படிவம் எங்கே இருக்கிறது, எதற்கு எத்தனை பிரதி என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். அது படிவங்களில் இருக்காது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். தப்பு அங்கிருந்துதான் கிளம்பியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. வயல்வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப்போட்டிப் பரிசாக ஓர் ஆங்கில அகராதி கிடைத்தது. அதை நான் கதைப்புத்தகம் மாதிரி படித்தேன். 'அக்காம்ப்ளிஸ்' என்ற சொல்லை அதில்தான் பார்த்தேன். குற்றத்தில் கூட்டாளி என்று பொருள் போட்டிருந்தது. வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. என்றைக்காவது ஒரு நாள் அந்தச் சொல்லை ஓர் அரசாங்கக் காகிதத்தில் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தகுதிகாண் பருவம் முடிய நாலு மாதம் இருக்கும்போது.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகும் சாலையை ஒட்டி ஒரு வயல். குறுவைக் கதிர் பால் பிடிக்கும் சமயம். அந்த வயலின் பம்ப்செட் மோட்டாரைப் பழுதுபார்க்கக் குமரேசன் என்ற மெக்கானிக் போனார். அவருக்கும் அதே வாய்க்காலில் கீழே ஒரு துண்டு நிலம் இருந்தது. மடையை யார் எப்போது திறப்பது என்று வயல்காரருக்கும் அவருக்கும் பழைய தகராறு. கொட்டகைக்குள் பேச்சு முற்றி, வயல்காரரும் அவர் தம்பியும் குமரேசனை அடித்தார்கள். அடியில் உயிர் போய்விட்டது. உடலை ஆற்றில் விட்டுவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிய நேரம். எங்கோ கீழே ஒரு மதகில் உடல் ஒதுங்கியபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரியாத பிணம் என்று அடக்கம் செய்துவிட்டார்கள்.

சட்டை மட்டும் மிஞ்சியது. வேலை செய்வதற்காக அவர் அதைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். வயல்காரர் அதை எடுத்துவந்து, அங்கே குருவி விரட்டிக்கொண்டிருந்த தனபாக்கியம் என்ற கூலிப் பெண்ணிடம் கொடுத்து, வயலில் நிற்கும் வைக்கோல் பொம்மைக்குப் போட்டுவிடச் சொன்னார். அந்தப் பெண் போட்டுவிட்டார்.

குமரேசனைக் காணோம் என்று அவர் மனைவி தினமும் பஸ்ஸில் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் முதல் சாட்சி அவர்தான். அவர் சொன்னதை இப்போதும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும்.

"ஜன்னலோரம் உக்காந்திருந்தேன். வயல் நடுவுல அவர் நிக்கிறாரு. முதுகுதான் தெரியுது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி வரப்புமேல ஓடினேன். கூப்பிட்டேன். திரும்பலை. காது கேக்கலையோன்னு இன்னும் கிட்டப்போய்க் கூப்பிட்டேன். திரும்பலை."

பொம்மை போட்டிருந்த சட்டையில் கழுத்துப் பட்டன் மட்டும் வேறு நிறம். மகனின் பள்ளிச் சட்டையிலிருந்து எடுத்து அந்த மனைவியே தைத்தது. அதை வைத்துத்தான் வழக்கே பிறந்தது.

மத்தியான வேளையில், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அந்தப் பக்கத்தை நான் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டேன், திரும்பலை என்ற இரண்டு சொல்லை இரண்டாவது தடவை தட்டும்போது என் பின்கழுத்து குளிர்ந்துவிட்டது. என் முதுகும் வாசல் பக்கம்தான் இருந்தது. எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். படித்தவள் செய்கிற காரியமா என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

எங்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸும் அந்தச் சாலையில்தான் போகும். சட்டையைப் போலீஸ் கழற்றிக்கொண்டு போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வைக்கோல் மழையில் உதிர்ந்துவிட்டது. குறுக்கே கட்டிய இரண்டு மூங்கில் மட்டும் நின்றது. அதைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை. டிராக்டர் ஓட்டுகிறவர் அதைச் சுற்றி வளைத்து ஓட்டுவார். நடுகிறவர்களும் விட்டு நடுவார்கள். பச்சை வயலுக்கு நடுவே வட்டமாக ஒரு வெறும் மண் திட்டு. பஸ்ஸில் அந்தப் பக்க ஜன்னல்காரர்கள் அந்த இடம் வந்ததும் போனைப் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

விசாரணை நீதிமன்றம் அண்ணன் தம்பி இருவருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது. மூன்றாம் எதிரியாகக் குற்றம் சாட்டப்பட்ட தனபாக்கியத்துக்கு, சாட்சியத்தை மறைக்க உதவியதாக, ஐந்து வருடம். மூவரும் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள். அண்ணன் தம்பிக்கு ஜாமீன் கிடைக்கும் என்றுகூட யாரும் எதிர்பார்க்கவில்லை. கேள்வி தனபாக்கியத்தைப் பற்றித்தான். அந்தச் சட்டை செத்தவருடையது என்று தெரிந்து அதைப் போட்டாரா, தெரியாமல் போட்டாரா? தெரியாது என்றால் வீட்டுக்குப் போகலாம். தெரியும் என்றால் மிச்ச வருடங்களும் சிறையில்தான். அதைத் தீர்மானிக்கப் போகிறவர்கள் அவரைப் பார்க்கப் போவதில்லை. சாட்சிகளையும் பார்க்கப் போவதில்லை. நான் ஆங்கிலத்தில் தட்டி அனுப்பும் வழக்குக் கட்டைத்தான் பார்ப்பார்கள். இதை நான் அன்று வாயால் சொல்லியிருப்பேன். புரிந்து வைத்திருக்கவில்லை.

நான்காம் சாட்சி பக்கத்து வயலில் களை எடுத்த பெண். அவர் நிறையப் பேசியிருந்தார். சாட்சியக் குறிப்பில் அப்படியே இருந்தது:

"உச்சி வெயில். முதலாளி சட்டையக் குடுத்தாரு. இவ வாங்கி மூஞ்சியை அதாலேயே அழுந்தத் தொடச்சுக்கிட்டு, அப்புறம்தான் பொம்மைக்குப் போட்டா. கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுவிட்டா. அதுக்கப்புறம் காக்கா அந்தப் பொம்மையை விட்டுப் போகலைங்க. தோள்ல உக்காந்துக்கிட்டு எங்களையே பாத்துச்சு. செத்தவன் துணியப் பொம்மைக்குப் போட்டா அவன் வயல்லயே நின்னுடுவான்னு சொல்லுவாங்க. எங்க பக்கம் எவளும் போடமாட்டா."

இதைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் பேசுவது போலவே இருந்தது. காக்கா பார்த்தது, செத்தவன் நிற்பது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி, பெரிய நீதிபதிகள் படித்துச் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டேன். உண்மையில் காப்பாற்றியது என்னுடையதை. மொத்தத்தையும் ஒரே வரியாக்கினேன்: மூன்றாம் எதிரி சட்டையைப் பெற்றுக்கொண்டு பொம்மைக்கு அணிவித்தார். சுத்தமான ஆங்கிலம். ஒரு கமா கூடப் பிசகவில்லை.

பிறகு கட்டின் முதல் பக்கத்தில் வைக்கும் பட்டியல். யார் யார், வழக்கில் அவர்கள் என்ன என்று படிப்பவர் வசதிக்காக நாமே ஒரு சொல்லில் எழுதுவோம். தனபாக்கியத்தின் பெயருக்கு எதிரே 'அக்காம்ப்ளிஸ்' என்று தட்டினேன். குற்றப்பத்திரிகையில் அந்தச் சொல் இல்லை. தீர்ப்பில் இல்லை. எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. பதினாலு வயதிலிருந்து என்னிடம் இருந்த சொல், அதற்கு ஓர் இடம் கிடைத்தது என்று போட்டேன். திரையில் பார்க்க அழகாக இருந்தது.

அந்தச் சொல்லின் பொருளை நான் பாதிதான் படித்திருந்தேன். குற்றத்தில் கை பட்டவரெல்லாம் அக்காம்ப்ளிஸ் ஆகிவிட மாட்டார். நடப்பது குற்றம் என்று தெரிந்து, அதற்கு மனம் இசைந்து கூட நின்றவர்தான் அப்படி. கொலைகாரனை யாரென்று தெரியாமல் ஏற்றிப்போன ஆட்டோக்காரர் அக்காம்ப்ளிஸ் இல்லை. எதற்கு என்று தெரியாமல் கயிறு விற்ற கடைக்காரர் இல்லை. அதோடு, அந்தச் சொல் ஒட்டிய ஆள் என்ன சொன்னாலும் அதைச் சந்தேகத்தோடு படிப்பது சட்டத்தில் நெடுநாள் பழக்கம். தனபாக்கியம் விசாரணையில் சொன்னது ஒன்றே ஒன்று: எனக்குத் தெரியாது. அதைப் படிக்கப் போகிறவர் முதல் பக்கத்திலேயே என் சொல்லைத் தாண்டித்தான் அங்கே வர வேண்டும். நீதிபதிகள் தீர்மானிக்க வேண்டிய கேள்விக்கு, மொழிபெயர்ப்பாளர் நான் பதில் எழுதிவிட்டேன்.

எங்கள் நீதிமன்ற நீதிபதி ஐயா கட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தைத்து, துணியில் சுற்றி, அரக்கு வைப்பது ஒன்றுதான் பாக்கி. மறுநாள் காலை ஆள் எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அன்று மத்தியானம், சான்றுப் பொருள்களின் எண்களைப் பட்டியலோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவரச் சொன்னார்கள்.

பொருள் அறை உங்களுக்குத் தெரியும். ஒரே ஜன்னல், அதிலும் பாதிக்கு அலமாரி. அன்று மின்சாரம் இல்லை. அந்த அறையைக் கவனித்த எழுத்தருக்கு என் வயதுதான் இருக்கும், பி.காம். படித்தவர். பழுப்புத் தாள் பொட்டலத்தை இரண்டு ஸ்கேலால் இடுக்கி மேசைமேல் வைத்தார்.

"சீட்டை நீங்களே திருப்பிப் பாத்துக்குங்க மேடம். நான் தொட மாட்டேன்."

"டிகிரி வாங்கியிருக்கீங்கதானே?" என்றேன்.

"டிகிரி எனக்குத்தானே மேடம், சட்டைக்கா?"

அவருக்குக் காட்டுவதற்காகவே பொட்டலத்தைப் பிரித்துச் சட்டையைக் கையில் எடுத்தேன். சாம்பல் நிறக் கட்டம். கழுத்தில் அந்த ஒற்றைப் பட்டன், சின்னதாக, நீலமாக. தோள் பக்கத்துத் துணி குத்துக் குத்தாகப் பிய்ந்திருந்தது. காக்கா நகம். எழுத்தர் சொல்லித்தான் பார்த்தேன், சொல்லியிருக்க வேண்டாம்.

அறையில் காற்றே இல்லை. என் நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. இரண்டு கையிலும் சட்டை இருந்தது. கண் எரிந்தது, துடைக்க வேண்டும், கையை உயர்த்தினேன். பாதியில் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. கை தானாக நின்றது. முகத்துக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அதைத் தாண்டி அந்தத் துணி வராது. பேய் பிசாசு எதையும் நம்பாதவள், எம்.ஏ. முடித்தவள், எனக்கே வரவில்லை.

மூஞ்சியை அதாலேயே அழுந்தத் தொடச்சுக்கிட்டு.

நான் வெட்டி எறிந்த வரி அப்போதுதான் எனக்குக் கேட்டது. செத்தவர் சட்டை என்று தெரிந்தவள் அதை முகத்தில் வைத்து அழுத்துவாளா? அந்தச் சாட்சி நாட்டுப்புற நம்பிக்கையை ஒப்பித்துக்கொண்டிருக்கவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் ஒரு வாதத்தை வைத்திருந்தாள்: எங்கள் பக்கம் எவளும் போடமாட்டாள், இவள் போட்டாள், ஆகவே இவளுக்குத் தெரியாது. தனபாக்கியத்துக்குச் சாதகமாக அந்த வழக்கில் இருந்ததே அந்த நாலு வரிதான். அதை அரக்கு வைக்கப் போகும் கட்டில் நான் இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

சட்டையை மடித்து வைத்தேனா, அப்படியே போட்டேனா என்று நினைவில்லை. படியிறங்கி அலுவலகத் தலைமை எழுத்தரான சிரஸ்தாரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய முப்பது வருட வேலையில் அரக்கு வைக்க வந்த கட்டைப் பிரித்ததில்லை.

"நாலு வரி விட்டுப்போச்சுங்கிறீங்க. அதுல என்ன இருக்கு?"

"மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டது சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, மூஞ்சி தொடச்சதுக்காக நான் ஐயா முன்னாடி போய் நிக்கணுமா? உங்களுக்கு இன்னும் தகுதிகாண் முடியலை. பேசாம இருந்தா யாருக்கும் தெரியாது. அவங்க வக்கீல் வேணும்னா தமிழைப் பாத்துச் சொல்லிக்குவாரு."

நியாயமான பேச்சுதான். வக்கீல் கவனித்திருக்கலாம். கவனிக்காமலும் இருந்திருக்கலாம், அவர் இலவச சட்ட உதவியில் வந்தவர், கட்சிக்காரரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். நான் அந்த இடத்தில் நின்றதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தப்பு செய்வது யாருக்கும் நேரும். தப்பு செய்தது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும் ஒரு பத்து நிமிடம் வரும். எனக்கு அப்போது அம்மா அப்பா முகம்தான் வந்தது. இந்த வேலை போனால் அவர்கள் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்கள் என்று நினைத்தேன். இன்னொரு பக்கம், சிறையில் இருக்கும் அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. முகம் தெரியாதவருக்காக முகம் தெரிந்தவர்களைப் பணயம் வைப்பது சுலபம் இல்லை. சுலபமாகச் செய்தேன் என்று சொன்னால் பொய்.

"நான் மட்டும் போறேன் சார். நீங்க வர வேண்டாம்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

நீதிபதி ஐயா கடைசிவரை கேட்டார். முதல் பக்கத்தைப் புரட்டி அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"இதை யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை ஐயா. நானா போட்டது."

"வேற எங்கேயாவது விட்டிருக்கீங்களா?"

அதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. இல்லை என்று சொல்லத்தான் நாக்கு போனது. "தெரியலை ஐயா" என்றேன். அந்தப் பதிலுக்குத்தான் அவர் முகம் மாறியது. கட்டை முழுவதும் பிரித்து, வரிக்கு வரி மறுபடி ஒத்துப் பார்க்கச் சொன்னார். அரக்கு மூன்று நாள் தள்ளிப்போனது. நானும் சிரஸ்தாரும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் தமிழைப் படிக்க, நான் ஆங்கிலத்தைப் படித்தேன். இன்னும் இரண்டு இடத்தில் விட்டிருந்தேன். இரண்டும் பெண்கள் பேசிய இடங்கள். சிரஸ்தார் பென்சிலால் வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினார்.

பட்டியலில் 'அக்காம்ப்ளிஸ்' போய், மூன்றாம் எதிரி என்பது மட்டும் நின்றது. காக்கா உட்கார்ந்தது, செத்தவன் வயலில் நிற்பது எல்லாம் ஆங்கிலத்தில் ஏறியது. யாரும் சிரித்ததாக எனக்குத் தகவல் இல்லை. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீண்டது. பணிப்பதிவேட்டில் இருக்கிறது, பார்க்க வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அண்ணன் தம்பி இருவரின் தண்டனையும் உறுதியானது. தனபாக்கியம் விடுதலை. இறந்தவரின் சட்டை என அறிந்த ஒருவர் அதைக் கொண்டு தம் முகத்தைத் துடைத்திருப்பார் என நம்ப இயலவில்லை என்று ஒரு வரி அதில் இருந்தது.

இத்தோடு முடித்திருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல பாடமாக இருந்திருக்கும். ஆனால் தனபாக்கியம் ஒரு நாள் இங்கே வந்தார்.

தீர்ப்பு நகல் வாங்க வந்தவர். ஒல்லியான பெண், கையில் ஒயர் கூடை. நகல் பிரிவில் கொடுத்த காகிதம் ஆங்கிலத்தில் இருந்ததால், படித்துச் சொல்லச் சொல்லி என் மேசைக்கு அனுப்பியிருந்தார்கள். நான் யார், என்ன செய்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லி, வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முகத்தைத் துடைத்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை இன்னொருக்கா சொல்லும்மா."

சொன்னேன்.

"பாத்துருக்கா அவ, அந்தக் களை எடுத்தவ" என்றார். பிறகு, "வேர்வைக்குத் தொடைக்கலம்மா. சட்டை சில்லுனு இருந்துச்சு. அந்த வெயில்ல மூஞ்சில வச்சது சொகமா இருந்துச்சு."

"சில்லுன்னா?"

"ஈரம். முதலாளி அலசிப் புழிஞ்சு குடுத்தாரு." என் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொம்மைக்குப் போடுற சட்டைய எவனாச்சும் அலசிக் குடுப்பானாம்மா? அன்னைக்கே தோணுச்சு. கேக்கலை."

ஈரம் என்ற சொல் அந்த வழக்குக் கட்டில் எங்கேயும் இல்லை. நான் இரண்டு முறை வரிக்கு வரி படித்தவள், எனக்குத் தெரியும். எந்த வக்கீலும் கேட்கவில்லை, எந்தச் சாட்சிக்கும் தெரியாது. பொம்மைமேல் ஏறியதும் ஆவணி வெயிலில் அரை மணியில் காய்ந்திருக்கும்.

"தெரியாம செஞ்சேன்னுதானே இதுல போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா. அப்படித்தான் போட்டிருக்கு."

காகிதத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். இல்லாத எதையும் சேர்க்கவில்லை. அவர் நகலை நாலாக மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டியபடி நின்றார்.

"கேட்டிருந்தா மட்டும் சொல்லியிருப்பானா?"

என்னைத்தான் கேட்டாரா என்று தெரியவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் படியிறங்கி, பஸ் நிற்கும் பக்கம் நடந்துவிட்டார்.